கூலி கேட்ட கொத்தனாரின் தலை

“கம்ப்யூட்டரில் ஆடும் ஆட்டத்தைப் பற்றி நம் பத்திரிகையில் என்ன எழுத்து?” என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆலையில் போனஸ் பிரச்னை இருக்கிறது, வயலில் கூலிப் பிரச்னை இருக்கிறது, இதற்கு நடுவில் டிராகனும் மந்திரவாதியும் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பதிலையும் இப்போதே சொல்லிவிடலாம். ஒரு நகரத்தைக் கட்டிக் கொடுத்த கொத்தனார்களுக்குப் பேசிய கூலி கொடுக்கப்படவில்லை. கூலி கேட்டுக் கிளம்பிய அவர்களுடைய தலைவனைக் கொன்று, அவன் தலையைக் கொண்டுவரும்படி, ஐந்து ஐந்து பேராக ஆட்கள் அனுப்பப்படுகிறார்கள். இந்தக் காரியத்தை லட்சக்கணக்கான ஜனங்கள், மாதாமாதம் கைக்காசைக் கொடுத்து, பொழுதுபோக்காகச் செய்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப்போல் உழைத்துப் பிழைக்கிறவர்கள். இதைப் பற்றி நமக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கக் கூடாதா?

ஆட்டத்தின் பெயர் ‘வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்’. கலிபோர்னியாவிலுள்ள ப்ளிஸார்ட் என்ற கம்பெனி 2004 நவம்பரில் இதை வெளியிட்டது. இன்டர்நெட் வழியாக ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் ஒரே கற்பனைத் தேசத்தில் நடமாடுவார்கள். ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூசாரி. அமெரிக்காவில் இதற்கு மாதச் சந்தா சுமார் 15 டாலர். 2010 அக்டோபரில் உலகம் முழுவதும் சந்தாதாரர் தொகை 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டியது. பல நாடுகளின் ஜனத்தொகையே அவ்வளவு கிடையாது!

இந்தத் தேசத்தில் தனியாகச் சுற்றி ஓநாயையும் காட்டுப்பன்றியையும் அடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் சில இடங்களில் தனி ஆளின் சூரத்தனம் செல்லாது. அந்த இடங்களுக்கு டஞ்சன் என்று பெயர். நிலவறை, பாழடைந்த கோட்டை, கைவிடப்பட்ட சுரங்கம், இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும். ஐந்து பேர் சேர்ந்தால்தான் உள்ளே போய் உயிரோடு திரும்பலாம். இதைவிடப் பெரிய காரியங்களுக்கு ஆரம்ப காலத்தில் 40 பேர் கூடினார்கள். அதை ரெய்டு என்பார்கள்.

ஐந்து பேர் என்றால் ஐந்து அடிதடிக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ரிங் பிரேமில் சைடருக்கு ஒரு வேலை, டாபருக்கு ஒரு வேலை. நடவில் நாற்றுப் பறிப்பவர் வேறு, நடுபவர் வேறு. அதுபோல் இங்கும் வேலை பிரிந்திருக்கிறது. முன்னே நின்று அடி வாங்குபவர் ஒருவர். அவரை டேங்க் என்கிறார்கள். காயத்தை ஆற்றிக்கொண்டே இருப்பவர் ஒருவர், அவர் ஹீலர். மீதி மூவர் அடிப்பவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அடிக்கிற மூவரும் ஆத்திரப்பட்டு முழுப் பலத்தோடு அடித்தால் ஐந்து பேருமே சாவார்கள். ஏன்? ஒவ்வோர் எதிரிக்குள்ளும் ஒரு கணக்கு ஓடுகிறது. தன்னை யார் அதிகமாக வதைக்கிறார் என்று பார்த்து, அந்தக் கணக்கில் முதலிடத்தில் நிற்பவர்மேல்தான் அவன் பாய்வான். இரும்புக் கவசம் போட்ட டேங்க் அந்த முதலிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மந்திரவாதி அவசரப்பட்டு அவரை மிஞ்சிவிட்டால், எதிரி டேங்கை விட்டுவிட்டு மந்திரவாதியின் பக்கம் திரும்புவான். துணி அங்கி போட்டவர் எத்தனை அடி தாங்குவார்? ஹீலர் காயம் ஆற்றுவதுகூட எதிரியின் கணக்கில் ஏறுகிறது. ஆகவே, பலம் உள்ளவர் தன் பலத்தைக் கொஞ்சம் அடக்கி, முன்னே நிற்பவருக்கு அவகாசம் கொடுக்க வேண்டும்.

ஹீலரின் சக்திக்கும் அளவு உண்டு. தீர்ந்துபோனால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துத் தேற்றிக்கொள்ள வேண்டும். பின்னால் திரும்பிப் பார்க்காத டேங்க் அடுத்த கும்பலின்மேல் பாய்ந்தால் தீர்ந்தது கதை! எதிரிகள் நாலு பேர் சேர்ந்து வந்தால், மந்திரவாதி அவர்களில் ஒருவனைச் செம்மறியாடாக மாற்றி ஓரமாக நிறுத்துவார். அந்த ஆட்டை யாரும் தொடக் கூடாது. ஓர் அடி விழுந்தால் போதும், மறுபடி ஆளாக மாறிவிடுவான். சும்மா நின்ற ஆட்டை அடித்து எழுப்பிய புண்ணியவான்களால் மாண்ட குழுக்கள் கொஞ்சநஞ்சமல்ல. எல்லோரும் செத்தால் ஆவியாகச் சுடுகாட்டிலிருந்து ஓடிவந்து மறுபடி தொடங்க வேண்டும். நசுங்கிய கவசத்தைச் செப்பனிடக் கையிலிருக்கும் காசு போகும்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத ஐந்து பேர் இதைச் செய்கிறார்கள். ஒருவர் கனடாவில் லாரி ஓட்டுபவராக இருக்கலாம், ஒருவர் கொரியாவில் படிக்கும் மாணவராக இருக்கலாம். முன்னால் நிற்பவரைப் பின்னால் நிற்பவர் காப்பாற்றுகிறார். வேகமாக ஓடத் தெரிந்தவர் மெதுவாக நடப்பவருக்காக நிற்கிறார். இதைப் பழகிக்கொள்வது அற்பமான விஷயம் அல்ல. “ஆட்டம் ஆடிக் கெட்டுப்போகிறான்” என்று பையனைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். இரவு தூங்காமல் ஆடுவதை நான் நியாயப்படுத்தவில்லை. அது வேறு விஷயம்.

இனி அந்தக் கொத்தனார் கதைக்கு வருவோம்.

மனிதர் தரப்பில் சேர்ந்து ஆடத் தொடங்குகிறவர்களில் அநேகருக்கு முதல் டஞ்சன் ‘டெட்மைன்ஸ்’. ஸ்டார்ம்விண்ட் என்ற தலைநகரம் போரில் தரைமட்டமாயிற்று. அதைக் கல்மேல் கல் வைத்துத் திரும்பக் கட்டினார்கள் கொத்தனார் சங்கத்தார். வேலை முடிந்தது. கூலியைக் கேட்டார்கள். பிரபுக்கள் சபை கையை விரித்தது. கலவரம் மூண்டது, அந்தக் கலவரத்தில் ராணியும் இறந்தாள். கொத்தனார்களின் தலைவன் எட்வின் வான்கிளீப் தன் ஆட்களோடு நகரத்தை விட்டு ஓடி, வெஸ்ட்பால் என்ற விவசாயப் பிரதேசத்துக்கு வந்து சேர்ந்தான். டிபியாஸ் சகோதரத்துவம் என்று பெயர் வைத்துக்கொண்டு, முகத்தில் சிவப்புத் துணியும் கட்டிக்கொண்டார்கள்.

பிரபுக்கள் கூலி கொடுக்காததற்குக் கதை எழுதியவர்கள் ஒரு காரணமும் வைத்திருக்கிறார்கள். சீமாட்டி வேடத்தில் அரண்மனைக்குள் புகுந்த ஒரு கறுப்பு டிராகன் அவர்களுடைய மனத்தைக் கெடுத்துவிட்டதாம்! முதலாளி கூலி கொடுக்காமல் இருக்க டிராகன் வந்து சொல்ல வேண்டுமா? இந்த இடத்தைப் படித்தால் எந்த ஆலைத் தொழிலாளிக்கும் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் வான்கிளீபை ஒரேயடியாகத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. வெஸ்ட்பாலில் இருப்பவர்கள் யார்? ஏழைக் குடியானவர்கள். கூலி கிடைக்காத கொத்தனார்கள் இங்கே வந்து என்ன செய்தார்கள்? பிரபுக்களின் மாளிகைமேல் பாய்ந்தார்களா? இல்லை. குடியானவனின் களத்தையும் வீட்டையும் சூறையாடினார்கள். நிலத்தை விட்டு ஓடிய குடும்பங்கள் பாதையோரம் நின்று புலம்புவதை ஆட்டத்திலேயே பார்க்கலாம். அரசாங்கப் பட்டாளம் வந்து காப்பாற்றியதா? அதுவும் இல்லை. குடியானவர்களைக் காக்க அந்தப் பிரதேசத்திலேயே ஒரு ஜனப்படை திரள்கிறது. வான்கிளீபின் தலையைக் கேட்பவர் அந்த ஜனப்படையின் தலைவர்தான்; தலைநகரத்துப் பிரபு அல்ல. அதாவது, கொத்தனாரின் கத்தி குடியானவன்மேல், குடியானவனின் கத்தி கொத்தனார்மேல். கூலியை விழுங்கிய பிரபு எங்கே? அவர் கோட்டைக்குள் சௌக்கியமாக இருக்கிறார். அவருடைய தலையைக் கொண்டுவரும்படி டெட்மைன்ஸுக்குப் போகும் ஐவரிடம் யாரும் கேட்பதில்லை.

ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இந்த இடத்தில் பாடம் இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது? தெரிந்து எழுதினார்களோ தெரியாமல் எழுதினார்களோ, எழுதியவர் கை உண்மையைத் தொட்டிருக்கிறது.

ஐந்து பேரும் சுரங்கத்துக்குள் நுழைகிறார்கள். எதிரே வருபவர்களின் பெயர்களைக் கவனியுங்கள்: சுரங்கத் தொழிலாளி, மேற்பார்வையாளன், மரச் செதுக்குக்காரன், கைவினைஞன், இன்ஜினீயர். ஒரு தொழிற்சாலையின் ஹாஜர் புத்தகத்தைப் படிப்பதுபோல் இருக்கும். உலோகம் உருக்கும் பட்டறையைத் தாண்டினால் ஓர் இரும்புக் கதவு. பட்டறையிலிருந்து வெடிமருந்து எடுத்து, பீரங்கியில் போட்டு, கதவைத் தகர்க்க வேண்டும். சத்தம் கேட்டுக் காவலாட்கள் ஓடி வருவார்கள். கதவுக்கு அப்பால் பூமிக்கடியில் ஒரு துறைமுகம். அதில் பெரிய கப்பல் ஒன்று நிற்கிறது. கப்பலில் ஸ்மைட் என்ற காளைத்தலையன் காலால் ஓங்கி உதைப்பான். ஐந்து பேரும் செயலற்று நிற்க, அவன் நிதானமாகப் பெட்டியடிக்குப் போய் ஆயுதத்தை மாற்றிக்கொண்டு வருவான். இப்படி இரண்டு தடவை. முதல் தடவை வருபவர்கள் இங்கேதான் திகைத்துப்போவார்கள். கப்பலின் மேல்தட்டில் வான்கிளீப் இருக்கிறான். பாதி உயிர் போனதும் காவலர்களைக் கூப்பிடுவான். அவனையும் முடித்தால் தலையை எடுத்துக்கொள்ளலாம். செத்தவர்களின் முகத்திலிருந்து பத்துச் சிவப்புப் பட்டுத் துணிகளைக் கழற்றிக் கொண்டுபோனால் அதற்குத் தனிச் சன்மானமும் உண்டு.

அவன் உடலில் அனுப்பாத கடிதம் ஒன்று கிடைக்கும். நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் ஒரு பழைய கூட்டாளிக்கு எழுதியது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரிடம் அந்த மனிதர் கொத்தனார் சங்கத்தின் பழைய கதையைச் சொல்கிறார். நின்று படிப்பவர் எத்தனை பேர்? சன்மானம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துகிறவர்களே அதிகம். பின்னால், 2010 டிசம்பரில், கம்பெனி இந்தச் சுரங்கத்தை மாற்றியமைத்தபோது, வான்கிளீபின் மகள் வனெஸ்ஸாவைக் கொண்டுவந்து நிறுத்தியது. அப்பன் தலை விழுந்ததைச் சிறு பெண்ணாக இருந்து கண்ணால் பார்த்தவள் அவள். வெஸ்ட்பாலில் வீடிழந்தவர்களும் ஏராளமாகத் திரிந்தார்கள். பழைய சுரங்கமே வேண்டும் என்பவர்களுக்காக 2019 ஆகஸ்டில் பழைய ஆட்டத்தைத் தனியாகத் திறந்தார்கள். அதில் வான்கிளீப் மறுபடி அதே கப்பலில் நிற்கிறான்.

சரி, கொன்றாயிற்று. இப்போது பங்கீடு.

ஐந்து பேர் உழைப்பில் கிடைத்தது ஒன்றோ இரண்டோ பொருள். யாருக்கு? வான்கிளீபிடமிருந்து கிடைக்கும் பொருள்களில் ஒரு மேலங்கிக்கு ‘சகோதரத்துவத்தின் அங்கி’ என்றே பெயர். செத்துப்போன சகோதரர்களின் அங்கிக்கு இந்த ஐந்து சகோதரர்கள் போட்டி போட வேண்டும்! ‘எனக்குத் தேவை’ என்று ஒரு பொத்தான். ‘ஆசைக்குக் கேட்கிறேன், விற்றுக் காசாக்குவேன்’ என்று ஒரு பொத்தான். ‘வேண்டாம்’ என்று ஒன்று. தேவைக்காரருக்கே முதல் உரிமை. தேவைக்காரர் இருவர் இருந்தால் 1 முதல் 100 வரை ஓர் எண் விழும். பெரிய எண்ணுக்குப் பொருள். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் தனக்கு உதவாத பொருளுக்கும் ‘தேவை’ என்று அழுத்திவிட்டு, பொருளோடு கம்பி நீட்டும் பேர்வழிகள் உண்டு. அவர்களுக்கு நிஞ்சா என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படிச் செய்தவரின் பெயர் அந்த வட்டாரம் முழுவதும் நாறும். பிறகு எந்தக் குழுவும் அவரைச் சேர்க்காது.

பெரிய ரெய்டுகளில் தலைக்கு நாற்பது பேர் நிற்க, பொருளோ இரண்டு மூன்று. இங்கே ஆடுகிறவர்கள் தாங்களே ஒரு முறையை உண்டாக்கினார்கள். 1999-ல் வெளிவந்த ‘எவர்குவெஸ்ட்’ என்ற முந்தைய ஆட்டத்தில் பிறந்த முறை இது. டி.கே.பி. என்பார்கள். வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் புள்ளி. பொருள் வேண்டும் என்றால் சேர்த்து வைத்த புள்ளியைக் கொடுத்து வாங்க வேண்டும். சங்கத்தின் நோட்டில் எல்லாம் எழுதப்படும், எல்லோரும் பார்க்கலாம். கம்பெனி சொல்லி வந்த சட்டம் அல்ல இது. பொருளால் சண்டை வந்து சங்கம் உடையாமலிருக்கச் சாதாரண ஜனங்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு. குறை இல்லாமல் இல்லை: பழைய ஆள் மலைபோல் புள்ளி குவித்து வைத்திருப்பார், புதிதாக வந்தவர் மாதக்கணக்கில் மிச்சம்மீதிக்குக் காத்திருப்பார். சில சங்கங்களில் தலைவரின் சிநேகிதருக்கே நல்ல பொருள் போவதும் நடந்ததுண்டு. இருந்தாலும், என் அபிப்பிராயத்தில், வேலைக்கு வந்தவன் பெயரை எழுதி வைத்த நோட்டு, குருட்டு எண்ணைவிட மேலானது.

பிறகு காசு உள்ளே வந்தது. ஜி.டி.கே.பி. என்று ஒரு முறை. பொருளை ஏலம் போடுவார்கள். ஆட்டத்துக்குள் புழங்கும் தங்க நாணயத்தை அதிகம் கொடுப்பவருக்குப் பொருள். வசூலான தங்கத்தை எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். “இதில் என்ன தவறு? பொருள் கிடைக்காதவனும் வெறுங்கையோடு போவதில்லையே!” என்று வாதாடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏலத்தில் அள்ளி வீசும் அந்தத் தங்கம் எங்கிருந்து வருகிறது? மாலையில் வேலை முடிந்து இரண்டு மணி நேரம் ஆடுகிறவர் அவ்வளவு சேர்க்க முடியுமா? முடியாது. நிஜமான டாலர் கொடுத்து வெளியே வாங்கிய தங்கம் அதில் கலக்கிறது. அதோடு, ஏலத்தில் எடுக்கும் பணக்காரர் சண்டையில் பிந்தினாலும் கேட்பாரில்லை. மற்றவர்கள் அவருக்குக் கூலியாட்கள். குழு என்ற பெயர் மட்டும் மிச்சம். 2024 பிப்ரவரியில் பழைய ஆட்டத்தின் ஒரு பிரிவில் இந்த முறையைக் கம்பெனியே தடை செய்ய வேண்டி வந்தது.

அந்தத் தங்கத்தை உண்டாக்கியவர் யார்? 2007-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் சீனாவின் நான்ஜிங் நகரத்துத் தங்கத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. ஓர் அறை, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். ஒரு தொழிலாளி இரவில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒரே இடத்தில் ஒரே எதிரியை அடித்து அடித்து நாணயம் சேர்க்கிறார். மாதத்தில் இரண்டு மூன்று இரவுதான் ஓய்வு. நூறு நாணயத்துக்கு அவருக்குக் கிடைத்தது 10 யுவான், அதாவது சுமார் ஒன்றேகால் டாலர். மணிக்குக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 30 அமெரிக்கக் காசு. அதே நூறு நாணயத்தை முதலாளி 3 டாலருக்கோ அதற்கு மேலோ வியாபாரிக்கு விற்றார். வியாபாரி அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஆடுகிறவருக்கு 20 டாலர் வரைக்கும் விற்றார். ஒன்றேகால் எங்கே, இருபது எங்கே! 2011-ல் கார்டியன் பத்திரிகை வெளியிட்ட செய்தி இதைவிடக் கொடுமையானது. சீனாவின் வடகிழக்கில் ஜிக்ஸி என்ற இடத்து உழைப்பு முகாமில் பகலில் கடும் வேலை வாங்கிய கைதிகளை இரவில் ஆட்டம் ஆட வைத்து நாணயம் சேர்த்தார்கள் என்று அங்கே இருந்த ஒருவர் சொன்னார். குறித்த அளவு சேர்க்காதவருக்கு அடி உதை. சோஷலிசத்தின் பெயர் சொல்லும் நாட்டில் நடந்ததால் இதை மூடி மறைக்க வேண்டும் என்று யாராவது நினைத்தால், அது வெட்கக்கேடு.

இந்தத் தங்கத் தொழிலாளிகளை ஆட்டத்துக்குள் மற்றவர்கள் எப்படி நடத்தினார்கள் தெரியுமா? இனத்தைச் சொல்லித் திட்டினார்கள். தேடிப் பிடித்துத் திரும்பத் திரும்பக் கொன்றார்கள். சாகும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தொழிலாளியின் நேரம் வீண், கூலியும் வீண். வாங்குகிறவர் தங்களில் ஒருவர் என்பதையும், லாபம் வியாபாரிக்குப் போகிறது என்பதையும் மறந்துவிட்டார்கள். வெஸ்ட்பால் கதைதான் மறுபடியும்! கம்பெனி என்ன செய்தது? 2015 ஏப்ரலில் தானே கடை திறந்தது. அமெரிக்காவில் 20 டாலர் கொடுத்து ஒரு சீட்டு வாங்கலாம். அதை ஆட்டத்துக்குள் விற்றுத் தங்கம் வாங்கிக்கொள்ளலாம். திருட்டுச் சந்தையை ஒழிக்க வழி என்றார்கள். சந்தை ஒழியவில்லை, சந்தையில் கம்பெனிக்கும் ஒரு கடை சேர்ந்தது.

குழுவைக் கெடுத்தது காசு மட்டும்தானா? இல்லை, அவசரமும்தான். முன்பு குழு சேர வேண்டுமானால் நகரத்து வீதியில் நின்று “டெட்மைன்ஸுக்கு ஹீலர் வேண்டும்” என்று கூப்பிட வேண்டும். ஆள் சேர்ந்ததும் சுரங்க வாசல்வரை நடந்து போக வேண்டும். வழியில் நாலு வார்த்தை பேசுவார்கள், யாருக்கு என்ன தெரியும் என்று புரியும், பங்கீட்டுப் பேச்சும் முடிந்துவிடும். 2009 டிசம்பரில் கம்பெனி ஒரு புது யந்திரத்தைக் கொண்டுவந்தது. பொத்தானை அழுத்திக் காத்திருந்தால், வேறு வேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேரைப் பிடித்து நேரே சுரங்கத்துக்குள் போட்டுவிடும். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு திசை. மறுபடி சந்திக்கவே போவதில்லை என்று தெரிந்தவன் எதற்காக மரியாதை பார்க்கப் போகிறான்? பேச்சு நின்றது. “வேகம், வேகம்” என்பது ஒன்றே பேச்சாயிற்று. பொருளோடு ஓடிய நிஞ்சாவின் பெயர் நாறுவதும் நின்றது, அவன் பெயரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வழியில்லாததால்.

எல்லாரிலும் அதிகம் பாதிக்கப்பட்டவர் புதிதாக வந்தவர். குழுவில் ஒருவரை ஓட்டெடுத்து வெளியேற்றும் வசதி இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு வந்தவரை வெளியேற்ற வைத்த வசதி அது. அதைக் கொண்டு, வழி தெரியாமல் திகைத்தவரையும், கவசம் மட்டமானவரையும், “இது எனக்கு முதல் தடவை” என்று உண்மையைச் சொன்னவரையும் வெளியே தள்ளுகிறார்கள். காரணம் கேட்க அவருக்கு நேரம்கூடக் கிடைப்பதில்லை. இது ஜனநாயகமா? ஓட்டு இருந்தால் மட்டும் ஜனநாயகம் ஆகிவிடாது. நேற்று ஆலைக்கு வந்த பதிலித் தொழிலாளியின் நூல் அறுந்தால் பக்கத்து ஆள் என்ன செய்வார்? ஒட்டிக் காட்டுவார். முதல் நாளே எல்லாம் தெரிந்து வந்தவர் யார் இருக்கிறார்?

இதன் பலனையும் அவர்களே அனுபவிக்கிறார்கள். அடிக்கிற வேலைக்கு வருபவர்கள் நீண்ட வரிசையில் காத்துக் கிடக்கிறார்கள். டேங்குக்கும் ஹீலருக்கும் பஞ்சம். ஏன் பஞ்சம்? குழு செத்தால் பழி விழுவது அந்த இருவர் தலையில். அடிக்கிற மூவரில் ஒருவர் தூங்கினால் தெரியாது. டேங்க் ஒரு நிமிஷம் தவறினால் எல்லோர் வாயிலும் வசவு. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவரை விரட்டிவிட்டு, ஆள் இல்லையே என்று அழுதால் என்ன அர்த்தம்? 2011-ல் கம்பெனி ஒரு வைத்தியம் செய்தது. ஆள் குறைந்த வேலைக்கு வருபவருக்கு ஓர் இனாம் பை. பொறுமையாகக் கற்றுக்கொடுப்பவருக்குப் பை கிடையாது.

நம் வீடுகளில் பிள்ளைகள் இதே ஆட்டத்தைத்தான் ஆடுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கைபேசியில் எத்தனையோ ஆட்டங்கள் வந்துவிட்டன; அவற்றிலும் குழு சேர்கிறது, பொருள் விழுகிறது, காசு கேட்கிறது. போனைப் பிடுங்கி எறிவது சுலபம். இன்னொரு போன் கிடைக்க எவ்வளவு நேரம்? அதைவிட, பையனோ பெண்ணோ ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள். யாரோடு சேர்ந்து ஆடுகிறாய்? முன்னே நிற்பது யார்? கிடைத்ததை எப்படிப் பிரித்தீர்கள்? தெரியாமல் வந்தவனை என்ன செய்தீர்கள்? நீ கொன்றாயே, அவன் என்ன தப்புச் செய்தான்? ஆடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பங்கீட்டு விதியை வாசலிலேயே பேசிவிடுங்கள், ஹீலர் தண்ணீர் குடிக்கும்வரை நில்லுங்கள், ஆடாக நிற்பவனை அடிக்காதீர்கள், வெளியேற்ற ஓட்டுப் போடுமுன் ஒரு தடவை சொல்லிக் கொடுங்கள்.

இன்னும் ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லவில்லை. இந்தச் சுரங்கத்தையும் கப்பலையும் வான்கிளீபையும் கட்டியவர்கள் யார்? ஓவியர், கதை எழுதுபவர், இன்ஜினீயர், பிழை தேடும் சோதனையாளர். அவர்களுடைய நிலைமை எப்படி இருந்தது? 2021 ஜூலையில் கலிபோர்னியா அரசாங்க இலாகா ஒன்று, பெண் ஊழியர்களுக்குத் தொல்லையும் சம்பளத்தில் பாரபட்சமும் இருக்கிறது என்று கம்பெனிமீது வழக்குத் தொடர்ந்தது. கம்பெனியின் முதல் பதில் வழக்கை இழித்துப் பேசியது. அதைக் கண்டித்து அந்த மாதம் 28-ந் தேதி ஊழியர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். 2022 மே மாதம், அதே முதலாளியின் கீழுள்ள ரேவன் என்ற இன்னொரு ஸ்தாபனத்தில், சோதனையாளர்கள் மட்டும் ஓட்டெடுத்துச் சங்கம் அமைத்தார்கள்; சின்னஞ்சிறு சங்கம். 2023 அக்டோபரில் கம்பெனி முழுவதையும் மைக்ரோசாப்ட் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. மூன்று மாதம் கழித்து, 2024 ஜனவரியில், மைக்ரோசாப்ட் தன் ஆட்டப் பிரிவுகளில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. வாங்கப் பணம் இருந்தது, வைத்துக்கொள்ள இல்லை!

2024 ஜூலையில் ‘வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்’ ஆட்டத்தைச் செய்யும் 500-க்கு மேற்பட்ட ஊழியர்கள் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார்கள். ஓவியர் ஒரு சங்கம், சோதனையாளர் ஒரு சங்கம் என்று பிரியவில்லை. இன்ஜினீயர், ஓவியர், வடிவமைப்பாளர், தயாரிப்பாளர், சோதனையாளர், எல்லோரும் ஒரே சங்கம்.